அக்கரைச் செய்தியும் அயல்வாழ்வார் உள்ளமும்

நாஞ்சில் நாட்டில் அடங்காத பிள்ளையை 'எம்டன்' என்று ஏசுவது இன்றும் வழக்கில் உள்ளது. கோட்டாற்றுக் கடைத்தெருவிலும் தக்கலைச் சந்தையிலும் இச்சொல்லைப் பலகாலும் கேட்டிருக்கிறேன். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுள் ஒருவன் மதிலேறிக் குதித்தபோது நானே ஒருநாள் அவனை அப்படி ஏசிவிட்டேன். அவன் சிறிதும் அஞ்சாமல், "எம்டன்னா என்ன உஸ்தாதே?" என்று கேட்டான். "அது ஒரு ஜெர்மன் கப்பல்" என்றேன். "கப்பல் பேரச் சொல்லி என்ன எதுக்கு ஏசுதிய?" என்றான். நியாயமான கேள்வி. அன்று அவனுக்குச் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைத் தேடப் புகுந்தவன் கப்பலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு வந்து, துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்களைச் சுட்டு எரித்தது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. மாண்டவர் கைவிரல்களில் எண்ணத்தக்க சிலரே. ஆனால் அடுத்த சில நாட்களில் நகரை விட்டு வெளியேறியவர் பல்லாயிரவர். புகைவண்டியில் இடம் கிடைத்தவர் அதில் சென்றனர்; கிடைக்காதவர் சாலை வழியே சென்றனர். கப்பல் மீண்டும் வருகிறது என்று நாள்தோறும் ஒரு பேச்சு. அது சென்னைக்கு மீண்டும் வரவேயில்லை. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகில் 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் அதனைச் சிதைத்துவிட்டது. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும். இடையில் ஒன்று. அக்டோபர் மாதம் டியெகோ கார்சியா தீவில் இக்கப்பல் ஒதுங்கியபோது, அத்தீவினர்க்குப் போர் மூண்டதே தெரியாது. அவர்கள் பகைக் கப்பலை விருந்தாளியாக உபசரித்து அனுப்பினார்களாம். செய்தி எட்டாத அத்தீவுக்கு அச்சமும் எட்டவில்லை.

எம்டனைப் பற்றி நம் பக்கத்தில் வேறொரு கதையும் வழங்குகிறது. நாஞ்சில் நாட்டுக் குடும்ப வழியில் வந்து திருவனந்தபுரத்தில் பிறந்தவரான செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார், சென்னையில் குண்டு வீசும் இடத்தை அவரே காட்டினார் என்பது அக்கதை. தமிழில் வந்த நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இதனைக் காணலாம். எம்டன் சென்னைக்கு வந்த அந்நாட்களில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். அங்கே இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்தி வந்தார். அதன் பின்னரே பெர்லின் சென்றார். கப்பலில் இருந்தார் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று ஏதுமில்லை. பெர்லின் இந்தியக் குழுவில் அவர் உழைத்தார். 1915 டிசம்பர் 1ஆம் நாள் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைவராகவும் மௌலவி பரகத்துல்லாஹ் பிரதமராகவும் மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி உள்துறை அமைச்சராகவும் அமைந்த தற்காலிக அரசில் வெளியுறவு அமைச்சராகச் செண்பகராமன் பெயர் இடம்பெற்றது. இவை போதாவா? நம் மண்ணின் மகனை அவர் ஏறாத கப்பலில் எதற்காக ஏற்றினோம்? பெருமைக்காக. பெருமைக்குப் பசித்திருக்கும் உள்ளம் ஆதாரம் கேட்பதில்லை. இக்குறையை வேற்றூரார் சொன்னால் சினம் வரும். நாஞ்சில் நாட்டான் ஒருவன் சொல்வதால் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்தப் பசியை நன்கறிந்தவர்கள் அக்காலத்தில் பெர்லினில் இருந்தனர். ஜெர்மானியப் பேரரசர் கெய்ஸர் இரண்டாம் வில்ஹெல்ம் 1898இல் டமாஸ்கஸ் நகருக்கு வந்து, சுல்தான் ஸலாஹுத்தீன் அடக்கத்தலத்தில் மரியாதை செலுத்தி, உலகின் முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தாம் என்றும் நண்பர் என்று உரையாற்றினார். போர் தொடங்கியதும், மாக்ஸ் ஃபான் ஒப்பன்ஹைம் என்பாரின் முயற்சியால் கீழை நாடுகளுக்கான செய்தி நிலையம் ஒன்று பெர்லினில் நிறுவப்பட்டது. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய அரசுகளின் கீழிருந்த முஸ்லிம்களை அவ்வரசுகளுக்கு எதிராக எழச் செய்வதே அதன் அலுவல். 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசின் ஷைகுல் இஸ்லாம் வழங்கிய ஜிஹாத் ஃபத்வாக்கள் பல மொழிகளில் பரவின. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் என்னும் இடத்தில் முஸ்லிம் போர்க்கைதிகளுக்கெனத் தனி முகாம் அமைத்து, அதனுள் மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தனர். கைதிகள் படிப்பதற்கென்று பத்திரிகையும் அச்சிட்டனர். தொழுகைத் தலமும் போர்த் தளவாடங்களுள் ஒன்றாயிற்று. பிரிட்டிஷார் இவ்விஷயத்தில் தூயவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மானியர் தம் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்று 1917இல் அவர்கள் பரப்பிய கதைக்கு அடிப்படையில்லை என்பதை 1925இல் அவர்கள் பாராளுமன்றத்திலேயே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

கெய்ஸர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார், மாறுவேடத்தில் மக்கா சென்று ஹஜ்ஜும் செய்துவிட்டார், ஆகவே அவர் 'ஹாஜி வில்ஹெல்ம்' என்ற செய்தி இக்காலத்தில் முஸ்லிம் நாடுகளெங்கும் உலவியது. சிங்கப்பூரிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதித் தணிக்கையில் சிக்கிய கடிதங்களில் இதனைக் காண்கிறோம். கெய்ஸரின் மகளைத் துருக்கிப் பட்டத்து இளவரசர் மணந்துகொண்டார் என்று ஒரு கடிதம் மகிழ்ந்து கூறுகிறது. கெய்ஸருக்கு இருந்தது ஒரே மகள். அவர் 1913 மே மாதத்திலேயே பிரன்ஸ்விக் குடும்பத்து இளவரசரை மணந்துவிட்டார். ஐரோப்பிய மன்னர்கள் பலர் கூடிய அத்திருமணம் மறைவாக நடந்த ஒன்றன்று. ஆயினும் ரோத்தக், ஹிஸார் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து, எவனுக்கோ காவல் நிற்கும் ஒரு சிப்பாயின் காதுக்கு அந்தத் திருமணம் எட்டவில்லை. இல்லாத திருமணம் எட்டியது.

சிங்கப்பூரில் நிகழ்ந்ததைச் சற்று விரித்துக் கூறுவது தேவை. 1914 அக்டோபரில் அங்கு வந்து சேர்ந்த ஐந்தாம் இலகு காலாட்படை முழுவதும் முஸ்லிம்களைக் கொண்டது. டாங்லின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கைதிகளைக் காப்பது அவர்களுடைய பணிகளுள் ஒன்று. அக்கைதிகளுள் எம்டனைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்களுள் லௌட்டர்பாக் என்னும் அதிகாரி கதை சொல்வதில் வல்லவர். காவல் நின்றவர்களுக்குத் துருக்கியைப் பற்றியும் ஜெர்மானிய வெற்றிகளைப் பற்றியும் ஓயாது கூறி வந்தார். கம்போங் ஜாவா பள்ளிவாசலின் இமாம் ஒருவர், ஜெர்மானியப் போர்க்கப்பல் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று தொழ வந்த சிப்பாய்களிடம் சொன்னார். காசிம் மன்சூர் என்னும் குஜராத்தி வணிகர், துருக்கிக் கப்பலொன்றை அனுப்பி உதவ வேண்டித் துருக்கித் தூதருக்கு ஒரு விண்ணப்பத்தை ரங்கூனிலிருந்த தம் மகன் வழியாக அனுப்ப முயன்றார்; கடிதம் வழியில் பிடிபட்டது. கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து உருதுவிலும் வெளியான 'ஜஹானே இஸ்லாம்' பத்திரிகையும் கிழக்கே வந்துகொண்டிருந்தது.

1915 பிப்ரவரியில், படையை 'நைல்' என்னும் கப்பலில் ஹாங்காங்குக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. சிப்பாய்களிடையே பரவிய பேச்சோ வேறு: நம்மைத் துருக்கியரோடு போரிட அனுப்புகின்றனர், அல்லது நடுக்கடலில் கப்பலோடு மூழ்கடிக்கப் போகின்றனர். பிப்ரவரி 15ஆம் நாள் காலை பிரிவுரை ஆற்றிய தளபதி, படையின் ஒழுங்கைப் புகழ்ந்தார். நாளை புறப்படுகிறீர்கள் என்றார். எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று பிற்பகல் கலகம் வெடித்தது. அதிகாரிகளும் ஊர்மக்களும் பலர் கொல்லப்பட்டனர். நேசநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளைக் கொண்டுவந்து சில நாட்களில் அடக்கினர். இருநூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவுட்ரம் சிறைச்சாலை மதிலருகே பெருங்கூட்டம் பார்த்து நிற்க அது நிகழ்ந்தது. காசிம் மன்சூர் தூக்கிலிடப்பட்டார். இவற்றுக்குப் பின்னர், சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் அனைவரும் அரசிடம் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. சூலியா பள்ளிவாசலையும் நாகூர் தர்காவையும் அங்கே எழுப்பி மூன்று நான்கு தலைமுறைகளாக வணிகம் செய்து வந்த தமிழ் முஸ்லிம்களும் அவ்வாணைக்கு உட்பட்டவர்களே.

இனி என் விமர்சனம். இச்சிப்பாய்கள் அறியாமையால் கெட்டனர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் உளர். அது ஒப்பத்தக்கதன்று. துருக்கியரோடு போரிட அனுப்புவர் என்ற அச்சம் வெற்றுக் கற்பனையா? 1914 நவம்பரில் பஸராவைப் பிடித்த படை இந்தியப் படை. 1915 பிப்ரவரி தொடக்கத்தில் ஸூயஸ் கால்வாயில் துருக்கியரை எதிர்த்து நின்றவர்களும் பெரும்பாலும் இந்தியர். அவற்றில் முஸ்லிம்கள் இருந்தனர். 'நைல்' கப்பலைப் பற்றிய பேச்சு பொய். அதற்கு அடியிலிருந்த அச்சம் மெய். பொய் புனைபவன் வெற்று நிலத்தில் விதைப்பதில்லை. உள்ளே உண்மையான புண் ஒன்று இருக்கிறது என்று அறிந்தே அதன்மேல் கை வைக்கிறான்.

அச்சம் மட்டுமே காரணம் என்றும் நான் கருதவில்லை. அந்தக் கடிதங்களில் அச்சத்தைவிட மகிழ்ச்சியே மிகுந்து காண்கிறது. சம்பளத்துக்காகக் கடல் கடந்தவன் அயல்மண்ணில் தலைகுனிந்து வாழ்பவன். அவன் பெயரை யாரும் சரியாக உச்சரிப்பதில்லை. எங்கே அனுப்பப்படுகிறான் என்று கேட்கவும் அவனுக்கு உரிமையில்லை. அப்படிப்பட்டவனிடம், உலகின் பெரிய மன்னன் ஒருவன் உன் கலிமாவைச் சொல்லிவிட்டான் என்று யாரோ கூறுகின்றனர். அவன் அதனை ஆராய்வதில்லை; அணைத்துக்கொள்கிறான். இங்கே பொய் செய்தியின் வேலையைச் செய்யவில்லை, ஆறுதலின் வேலையைச் செய்கிறது. ஆறுதலை யார்தான் சான்று கேட்டுப் பெறுகின்றனர்? 'அறியாதவர்கள்' என்று அவர்களை எள்ளுகிறவர் செண்பகராமனை எம்டனில் ஏற்றிய நம் எழுத்தாளர்களை என்ன சொல்லி அழைப்பார்? அவர்கள் கற்றவர்கள், ஊரில் இருந்தவர்கள், நூலகம் பக்கத்தில் இருந்தவர்கள்.

கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் என்ன விற்றார்கள், எங்கே பள்ளி கட்டினார்கள் என்பதைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். எதை நம்பினார்கள், எதைக் கேட்டு இரவில் விழித்திருந்தார்கள் என்பதை எழுதியவர் அரியர். இரண்டாம் உலகப் போர்க்கால மேடானையும் பினாங்கையும் வைத்து ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' தமிழில் தனித்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மவர் பக்கத்தில் அந்த இடம் இன்னும் காலியாகவே உள்ளது.

அரபுக் கல்வி கற்றவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் பணிப்பதை மக்தபில் ஓதும் பிள்ளையும் அறியும். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதற்கு மேலும் ஒரு படி சென்றனர். தீயவன் கொணரும் பொய்யைவிட நல்லவன் கொணரும் பொய் ஆபத்தானது என்பதை அவர்கள் கண்டறிந்தனர். நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், மக்கள் சட்டநூல்களிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கித் திருமறையை மறந்துவிட்டதைக் கண்டு, அத்தியாயங்களின் சிறப்பைக் கூறும் ஹதீஸ்களைத் தாமே இட்டுக்கட்டினார் என்று நூல்கள் குறிக்கும். நன்மை நாடிச் செய்த வேலை! ஹிஜ்ரி 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்துத் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. பள்ளிவாசல்களில் கதை சொல்லிக் கூட்டம் சேர்த்தவர்களை அவர் சாடியதும் கடுமையாகவே. ஆக, அறிவிப்பாளர் தொழுகையாளியா என்று பார்த்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இவர் யாரிடம் கேட்டார், நினைவாற்றல் எப்படி, தம் கட்சிக்கு ஆதரவாகத்தான் அறிவிக்கிறாரா என்றும் கேட்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டுக் கணக்கைப் பார்த்தனர். இன்னாரிடம் கேட்டேன் என்று ஒருவர் கூறினால், அந்த இன்னார் எந்த ஆண்டில் இறந்தார், இவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று வினவினர். எத்தனையோ பொய்கள் அந்த ஒரு கேள்வியில் விழுந்தன.

அந்தக் கேள்வியைக் கம்போங் ஜாவாவில் கேட்டிருந்தால்? எம்டன் சிதைந்தது 1914 நவம்பர் 9இல். அது சிதைந்த பின்னர் மூன்று மாதம் கழித்து ஜெர்மானியக் கப்பல் வரும் என்று எதிர்பார்த்திருந்தனர். அந்தக் கப்பலைச் சேர்ந்தவர்களே டாங்லினில் கம்பிக்குள் இருந்தனர். அவர்களுக்குக் காவல் நின்றவர்களே அதனை எதிர்பார்த்தனர். அந்த இமாம் ஓதியவர்தான், அவரும் இக்கலையை ஓரளவேனும் அறிந்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நூறாண்டு கழிந்து நிலைமை என்ன? 2012ஆம் ஆண்டு நடந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ராஜார் பகுதியில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கொலைகள் நிகழ்ந்தன. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். பர்மாவின் ராக்கைன் பகுதியிலும் அவ்வாண்டு முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். இவை மெய். இவற்றோடு சேர்ந்து கைப்பேசிகளில் உலவிய படங்களுள் பல பொய். திபெத்தியப் பகுதியில் 2010இல் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது பிணங்களினிடையே பிக்குகள் நின்ற படம், பர்மாவில் முஸ்லிம்களைக் கொன்று குவித்த படமாக வந்தது. அத்தகைய படங்களில் பல பாகிஸ்தானிலிருந்து ஏற்றப்பட்டவை என்று இந்திய அரசு கூறியது. ஆகஸ்ட் 11ஆம் நாள் மும்பை ஆசாத் மைதானத்தில் முஸ்லிம்கள் கூடிய கண்டனக் கூட்டம் வன்முறையாக மாறி இருவர் மாண்டனர். அதே வாரத்தில், முஸ்லிம்கள் பழிவாங்கப் போகின்றனர் என்ற குறுஞ்செய்தி பெங்களூரில் வேலை செய்த வடகிழக்கு மாநிலத்தார்க்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு கௌஹாத்திக்கு வண்டியேறினர்; சிறப்பு இரயில்கள் விட வேண்டியதாயிற்று. சென்னையிலிருந்தும் சென்றனர். ஒருவர் ஒரு நாளில் ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அரசு தற்காலிகத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே பொய் ஒரு கூட்டத்தாரிடம் சினமாகவும் மற்றொரு கூட்டத்தாரிடம் நடுக்கமாகவும் விளைந்தது. ஒருவர் சினம் மற்றவர் நடுக்கத்துக்குச் சான்றாயிற்று. அந்த நடுக்கம் தம் சினம் வலிமையுடையது என்று முன்னவரை எண்ணச் செய்தது. அந்தப் படத்தை அனுப்பிய நம் சகோதரர் எவரும் பெங்களூரில் மோமோ விற்கும் ஒரு பையனை விரட்ட வேண்டும் என்று நினைத்து அனுப்பியிருக்க மாட்டார். நூஹ் இப்னு அபீ மர்யமைப் போல நன்மை நாடியே அனுப்பியிருப்பார்.

2023 மார்ச்சில் நம் தமிழகமே அத்தகைய சோதனைக்கு ஆளாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கின்றனர் என்று காணொளிகள் பரவின. ஒன்று, பிற மாநிலத் தொழிலாளர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர் இருவர்க்கிடையே நிகழ்ந்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் செல்ல இரயில் நிலையத்தில் கூடியவர்களின் கூட்டத்தையும் உயிருக்கு அஞ்சி ஓடுபவர்களின் கூட்டமாகக் காட்டினர். பீகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்தவர் நம் குமரி மாவட்டத்தில் பிறந்த சைலேந்திர பாபு. அக்காணொளிகள் பொய் என்று அவர் உடனே வெளிப்படையாகக் கூறினார். மாவட்ட நிர்வாகங்கள் இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டன. பீகார் அரசின் குழு வந்து திருப்பூரையும் கோவையையும் நேரில் பார்த்துச் சென்றது. ஆரல்வாய்மொழியைத் தாண்டியவுடன் வரும் காவல்கிணற்றில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் சென்று வடமாநிலத் தொழிலாளர்களோடு பேசினார். சில நாட்களில் அச்சம் தணிந்தது. 1915இல் தளபதி சொல்லாமல் விட்டது ஓர் ஊரின் பெயர் மட்டுமே. அதனை அவர்கள் மொழியில் அன்று காலை சொல்லியிருந்தால் அத்தனை உயிரும் போயிராது என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் லௌட்டர்பாக்கின் கதை சென்று அமர்ந்தது.

அந்த நாட்களில் எங்கள் மஹல்லாவில் டைல்ஸ் பதிக்க வந்திருந்த வங்காளத்துப் பையன்கள் நால்வர் இரண்டு ஜும்ஆவுக்கு வரவில்லை. அவர்கள் தங்கியிருந்த அறைக்குச் சென்று, எனக்குத் தெரிந்த மதரஸா உருதுவில், ஒன்றுமில்லை, வெளியே வாருங்கள் என்றேன். அவர்களுள் இளையவன் சொன்ன மறுமொழியை மறக்க இயலவில்லை. "மௌலானா ஸாஹிப், எங்களுக்குப் பயமில்லை, இங்கே எல்லாரும் நல்லவர்கள். அம்மா தன் கண்ணால் பார்த்துவிட்டாள், வேலைக்குப் போகாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்" என்றான். முர்ஷிதாபாத்தில் இருக்கும் தாய், தன் மகன் இருக்கும் ஊரில் நடக்காததைக் கண்ணால் கண்டிருக்கிறாள்! காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் வேறு பிரித்துச் சான்றின் தரம் கூறிய நம் பழைய நூல்கள் இந்தக் கண்ணை எந்த வகையில் வைக்கும் என்று அன்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் நிறுத்திக் காட்டினார். கைப்பேசி இன்று நம் ஒவ்வொருவரையும் சதாவதானியாக இருக்கச் சொல்கிறது. பாவலர் நூறையும் வாங்கி, அவற்றை உரிய இடத்தில் வைத்து, உரிய நேரத்தில் திருப்பித் தந்தார். நாம் ஒன்றையும் மனத்தில் வாங்காமல் நூறையும் அடுத்தவர்க்கு அனுப்பிவிடுகிறோம்.

'நாம்' என்று எழுதியது பணிவுக்காக அன்று. 2025 ஜூன் 23ஆம் நாள் இரவு, ஈரான் நாட்டு ஏவுகணைகள் கத்தாரிலுள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்தை நோக்கி வீசப்பட்டன. உயிரிழப்பு ஏதும் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. வளைகுடாவின் வான்வழிகள் சில மணி நேரம் மூடப்பட்டிருந்தன. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பிள்ளைகள் அக்கரையில் இருக்கின்றனர். இஷாவுக்குப் பின் ஒரு படம் வந்தது: நகரத்தின் நடுவே வெண்மேகம்போல் எழும் பெரும் புகை, கீழே நெருப்பு, 'தோஹா எரிகிறது' என்ற எழுத்து. கை நடுங்க, அதன்கீழ் ஒரு துஆ வரியைச் சேர்த்து மஹல்லாக் குழுவுக்கு அனுப்பினேன். பதினொன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. என்னிடம் ஓதிய பிள்ளையின் தாய். "எனக்க மோனுக்கு ஃபோன் போவல்ல உஸ்தாதே" என்றாள். அதற்குமேல் அவளால் பேச இயலவில்லை. திண்ணையில் அமர்ந்துவிட்டாள். நானும் முயன்றேன், கிடைக்கவில்லை. ஒரு மணிக்கு மேல் அவனே எடுத்தான்.

"இங்க ஒண்ணுமில்ல உஸ்தாதே. வானத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சிது, சத்தம் கேட்டுது, அவ்வளவுதான். ஊருல இருந்து வந்த படத்தப் பாத்துத்தான் ரூமில உள்ளவனுவ எல்லாம் பயந்து போய் இருக்கானுவ" என்றான். சிறிது தயங்கி, "நீங்க போட்ட படம்தான்" என்றான்.

விடிந்ததும் கல்லூரியில் படிக்கும் என் மகள் அப்படத்தைப் பார்த்துவிட்டு, இது பெய்ரூத் துறைமுக வெடிப்பு, 2020 ஆகஸ்ட் 4 என்றாள். அதோடு நிற்கவில்லை. எங்கள் குழுவின் பழைய செய்திகளைப் பின்னோக்கி நகர்த்திக் காட்டினாள். அந்த ஆகஸ்ட் மாதம் இதே படத்தை, பெய்ரூத் மக்களுக்காக துஆ செய்யுமாறு கேட்டு, இதே குழுவுக்கு அனுப்பியவனும் நானே. ஆண்டுக் கணக்கைப் பார் என்று முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன்.

குழுவில் வருத்தம் தெரிவித்து எழுதினேன். அஸருக்குப் பின் பள்ளியிலும் எழுந்து நின்று சொன்னேன். மூன்றாம் நாள், வேறோர் ஊரிலிருந்து, எனக்குப் பழக்கமில்லாத ஒருவரிடமிருந்து அந்தப் படம் எனக்கே வந்து சேர்ந்தது. கீழே என் துஆ வரி, ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. அதற்கு மேலே, 'குமரி மாவட்டத்தின் மூத்த ஆலிம் ஒருவர் உறுதி செய்தது' என்று யாரோ சேர்த்திருந்தார்கள்.